உயரமான ஜம்போ பை வாங்கும் முன்: பித் களத்துக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை, காங்கயம் வட்டாரங்களில் மஞ்சி மில்லும், தேங்காய் நார்த்தூளான பித்தைக் காயவைக்கும் களமும் நடத்தும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும்,

நான் ஜம்போ பை தைத்து விற்கும் தொழிலில் இருப்பவன். உங்களில் சிலர் என்னிடம் வாங்குகிறீர்கள், பலர் வேறு இடங்களில் வாங்குகிறீர்கள். இந்த மடல் இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான். அண்மைக் காலமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ஆறடி உயரத்துக்குப் பை தைத்துத் தருவீர்களா? ஒரு டன் தாங்குமா?" பித் போன்ற எடையில்லாத சரக்கை அள்ளுகிறவர்கள் உயரமான பையைத் தேடுவது நியாயம். அதை நான் தடுக்க வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் டன் மட்டும் இருக்கிறது. பைக்குள் போகும் சரக்கு ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ, அது காய்ந்ததா ஈரமா, பையை எது தூக்கப் போகிறது, எங்கே கொட்டப் போகிறது என்ற நான்கும் இல்லை. அவை தெரியாமல் உயரத்தை மட்டும் கூட்டினால் பணம் வீணாவது ஒரு பக்கம். ஆளுக்கு ஆபத்து வருவது இன்னொரு பக்கம். இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

முதலில் எடைக் கணக்கு. சந்தையில் "ஒரு டன் பை" என்று கிடைப்பது பெரும்பாலும் 90 சென்டிமீட்டர் நீளம், 90 அகலம், 110 உயரம். உள்ளே ஏறக்குறைய 0.9 கன மீட்டர் இடம். சிமெண்டோ மணலோ தாதுப் பொடியோ போட்டால் அந்த இடத்துக்குள்ளேயே டன்னைத் தொட்டுவிடும். அந்தச் சரக்குகளுக்காக உருவான அளவு அது. களத்தில் நன்றாகக் காய்ந்த பித் ஒரு கன மீட்டருக்கு 80 கிலோவிலிருந்து 120 கிலோவுக்குள்தான் நிற்கும். அதாவது ஆயிரம் கிலோ தாங்கும் பைக்குள் நூறு கிலோவைப் போட்டு, வாயைக் கட்டி, போர்க்லிப்டை வைத்துத் தூக்குகிறோம். துணிக்கும், தூக்குவதற்கான காதுக்கும், தையலுக்கும் கொடுத்த காசில் பெரும்பங்கு சும்மா தொங்குகிறது. உமி, மரத்தூள், பனியன் கட்டிங் வேஸ்ட், பாலித்தீன் துண்டுகள் என்று எடையில்லாத சரக்கு எதைக் கையாண்டாலும் இதே கதைதான்.

உங்கள் பித் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. பழைய பெயிண்ட் வாளி ஒன்றை எடுத்து, தராசில் வைத்து, சரியாக 20 கிலோ தண்ணீர் ஊற்றி, மட்டம் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். தண்ணீரைக் கொட்டித் துடைத்துவிட்டு அந்தக் கோடு வரை பித்தை அள்ளிப் போடுங்கள். வாளியின் எடையைக் கழித்து வரும் கிலோவை 50-ஆல் பெருக்கினால் ஒரு கன மீட்டரின் எடை கிடைத்துவிடும். 2 கிலோ வந்தால் 100. பிறகு வாளியைத் தரையில் இருபது முப்பது தடவை தட்டுங்கள். பித் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பாருங்கள். கால் பங்கு இறங்கினால், உயரமான பையிலும் லாரி ஓடி முடிவதற்குள் கால் பங்கு இறங்கும். மேலே தொளதொளவென்று தொங்கும் பை சாய்ந்து நிற்கும், காது கோணிக்கொள்ளும். அப்படிப்பட்ட சரக்கை முதல் நாள் நிரப்பி, படியவிட்டு, மறுநாள் மேலே கொஞ்சம் சேர்த்துக் கட்டுவதுதான் முறை.

இந்தச் சோதனையைக் காய்ந்த பித்தில் மட்டும் செய்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மில்லில் மட்டை அடித்தவுடன் வரும் ஈரப் பித்தையும் அதே வாளியில் போட்டு நிறுத்துப் பாருங்கள். 6 கிலோ, 8 கிலோ என்று காட்டும். மழையில் நனைந்த குவியலில் இருந்து எடுத்தால் அதற்கும் மேல். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைப்பது பித்தின் குணம். அந்தக் குணத்துக்காகத்தானே உலகம் முழுக்கப் பசுமைக்குடில்காரர்கள் நம்மிடம் வாங்குகிறார்கள்.

இனி 90-க்கு 90 சென்டிமீட்டர் அடிப்பாகமும் 180 உயரமும் உள்ள பையை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஏறக்குறைய ஒன்றரை கன மீட்டர் இடம். காய்ந்த பித் போட்டால் 150 கிலோ. "இவ்வளவுதானே, 500 கிலோ தாங்கும் துணியே போதும், விலையும் குறையும்" என்று நானே சொல்வேன். களத்தில் காய்ந்ததை மட்டும் அள்ளுகிற வரைக்கும் அந்தப் பேச்சு சரி. ஐப்பசி கார்த்திகையில் களம் காயாமல், அவசரத்துக்கு மில் முற்றத்திலிருந்து ஈரப் பித்தையே அதே பையில் ஏற்றினால் 600 கிலோ. நனைந்து ஊறியதாக இருந்தால் 800, 900. பை அதேதான், உயரமும் அதேதான், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. போர்க்லிப்ட் ஓட்டும் தம்பிக்கும் தெரியாது. பழைய ஒரு டன் பையில் இந்தச் சிக்கல் வர வழியே இல்லை. 0.9 கன மீட்டரில் எவ்வளவு ஈரப் பித்தை அமுக்கினாலும் டன்னை எட்டாது. உயரத்தைக் கூட்டி, தாங்குதிறனைக் குறைத்த பையில்தான் முதன்முறையாக இடம் பலத்தை மிஞ்சுகிறது.

"ஐந்து மடங்கு பலம் வைத்துத்தானே தைக்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஐ.எஸ்.ஓ 21898 என்ற உலகத்தர விதிப்படி, ஒரே முறை பயன்படுத்தும் பையின் மாதிரியை, எழுதிய எடையைப் போல இரண்டு மடங்கில் 30 தடவை இழுத்துவிட்டு, பிறகு ஐந்து மடங்கு வரை ஏற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த ஐந்து மடங்கு கூடுதலாக ஏற்றிக்கொள்ளக் கொடுத்த சலுகை கிடையாது. வெயில் கொஞ்சம் தின்னும். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது ஒரு நொடிக்கு எடை பல மடங்காக இழுக்கும். நான்கு காதில் ஒன்று போர்க்லிப்ட் முள்ளில் சரியாக மாட்டாமல் போகும். முள்ளின் கூர் விளிம்பு நூலை அறுக்கும். இவை எல்லாம் ஒரே நாளில் சேரும்போது தாங்குவதற்காக வைத்த பலம் அது. அதில் கை வைத்தால் அடுத்த குலுக்கலுக்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

அதனால் என் முடிவு இது. வருடம் முழுக்கக் காய்ந்த பித் மட்டும் ஏற்றுவோம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் 500 கிலோ பையை உயரமாக வாங்குங்கள். மழைக்காலத்தில் ஈரமும் ஏற்றும் களம் என்றால், உயரம் எவ்வளவோ அதற்கு ஈரப் பித்தின் எடையைக் கணக்குப் போட்டு, அதைத் தாங்கும் பையைக் கேளுங்கள். இங்கே ஒரு டன் கேட்பது வீண் செலவு கிடையாது. இரண்டு வகைப் பையையும் ஒரே களத்தில் வைத்திருப்பதை மட்டும் நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவசரத்தில் கை எதை எடுக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வேறு வழியே இல்லையென்றால் காதின் நிறத்தையாவது மாற்றித் தைக்கச் சொல்லுங்கள்.

உயரத்தால் லாபம் இருக்கிறதா? இருக்கிறது. 110-லிருந்து 180-க்குப் போனால் கொள்ளளவு அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. பக்கத் துணி மட்டும்தான் நீள்கிறது. அடித்துணி, காது, தைக்கும் கூலி எல்லாம் ஏறக்குறைய அதேதான். நூறு பை தூக்கிய இடத்தில் அறுபத்து சொச்சம் தூக்கினால் போதும். நிரப்புவது, கட்டுவது, தூக்குவது, அவிழ்ப்பது என்று ஒவ்வொரு பைக்கும் ஆகும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பை விலையை விட இதுதான் பெரிய மிச்சம்.

ஆனால் லாரியில் மிச்சமாகும் என்று நினைத்து வாங்காதீர்கள். உங்கள் லாரியில் சட்டப்படி இரண்டேகால் மீட்டர் உயரத்துக்குச் சரக்கு ஏற்றலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 110 சென்டிமீட்டர் பை இரண்டு அடுக்கு நின்றால் 220. 180 பை ஓர் அடுக்குதான் நிற்கும், மேலே நாற்பத்தைந்து சென்டிமீட்டர் காற்று. உயரமான பை போட்ட லாரி குறைவாகத்தான் ஏற்றிப் போகும்! ஆகவே உயரத்தை முடிவு செய்ய வேண்டியது வண்டிதான். வண்டிக்குள் நிற்கும் அதிகபட்ச உயரத்தை அளந்து, அதில் கட்டிய வாய்க்கும் குலுங்கலுக்கும் கொஞ்சம் விட்டு, ஓர் அடுக்குக்கு முழுவதும் நிறையும்படி கேளுங்கள். குடோன் சின்னதாக இருப்பவர்களுக்கும் இதே கணக்கு. எடையில்லாத சரக்கு நிறைந்த உயரமான பையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. கீழ்ப்பை மெத்தென்று அமுங்கி ஒரு பக்கம் சரியும். தரை இடம் குறைந்தவர்களுக்கு 110 பையே நல்லது, அதை நான் சங்கடமில்லாமல் சொல்வேன்.

அடியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் ஒரு உறவு உண்டு. நிரம்பிய பையின் உயரம் அடியின் சின்னப் பக்கத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாமல் இருந்தால்தான் தானாக நிற்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் பிடித்துக்கொள்ளும் கணக்கு. 90 சென்டிமீட்டர் அடிப்பாகத்துக்கு 180 என்பதே எல்லை. இரண்டு மீட்டர், அதற்கும் மேலே வேண்டும் என்றால் அடியை 100, 110 என்று விரியுங்கள்.

அதோடு, சதுரமாகத் தைத்த பை சதுரமாக நிற்காது. நிரப்பியதும் வயிறு தள்ளி வட்டமாகும். 90 பக்கம் என்றால் சுற்றளவு 360, வட்டமானதும் குறுக்கே 114.6 சென்டிமீட்டர் ஆகிவிடும். இரண்டு பையைப் பக்கத்தில் வைத்தால் 229. கப்பல் கன்டெய்னரின் உள் அகலம் 235. 90 சென்டிமீட்டர் அடிப்பாகம் என்ற அளவு உலகம் முழுக்க ஏன் பரவியது என்று இந்த ஆறு சென்டிமீட்டரில் புரியும். 95 வாங்கினால் 242 ஆகும், கன்டெய்னருக்குள் இரண்டு நிற்காது. உங்கள் லாரியின் உள் அகலத்தையும் இப்படி வட்டமாக்கித்தான் கணக்கிட வேண்டும். நான்கு மூலையிலும் உள்ளே துணித் தடுப்பு வைத்துத் தைத்தால் பை சதுரமாகவே நிற்கும். ஆனால் தடுப்பில் உள்ள ஓட்டைகள் வழியாகத்தான் சரக்கு மூலைக்குப் போக வேண்டும். பித்தில் கலந்திருக்கும் நார் அந்த ஓட்டைகளில் சிக்கிக்கொள்ளும், கொட்டும்போது மூலையில் தங்கிவிடும். விலையும் கூடுதல். நன்றாகச் சலித்த தூளாக இருந்தால் யோசிக்கலாம். நார் கலந்த பித்துக்கு நான் தைத்துத் தர விரும்புவதில்லை.

அடுத்தது தூக்கும் கதை. பெரும்பாலான களங்களில் இருப்பது மூன்று மீட்டர் வரை முள் உயரும் போர்க்லிப்ட். 180 பையின் காது 25 சென்டிமீட்டர். பையைத் தரையிலிருந்து கொஞ்சம் எடுத்து நகர்த்த முள் இரண்டேகால் மீட்டருக்குப் போனால் போதும், அதுவரை சரி. ஆனால் பிளாக் அடிக்கும் இயந்திரத்தின் மேல்வாய் தொட்டி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால்? தொட்டி 150, பை 180, காது 25. மூன்றரை மீட்டரைத் தாண்டிவிட்டது. வண்டிக்கு எட்டாது. பை வந்து இறங்கிய பிறகுதான் இது பலருக்குத் தெரிகிறது. பிறகு ஆட்கள் பையைத் தரையில் கிழித்துக் கொட்டி, மண்வெட்டியால் அள்ளித் தொட்டிக்குப் போடுகிறார்கள். உயரமான பை எதற்காக வாங்கினோமோ அது அங்கேயே முடிந்தது. தொட்டி உயரம், முள் உயரம் இரண்டையும் டேப் வைத்து அளந்து எழுதிவிட்டுத்தான் பையின் உயரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொட்டியைத் தாழ்த்த முடியாதவர்கள் சங்கிலிக் கப்பி மாட்டும் இரும்புச் சட்டம் ஒன்று போட்டுக்கொள்ளலாம். பை நான்கு காதிலும் நேர்க்குத்தாகத் தொங்க வேண்டும். இரண்டு காதை மட்டும் மாட்டி இழுப்பதும், ஜே.சி.பி-யின் பல்லில் கோத்துத் தூக்குவதும் வேண்டவே வேண்டாம்.

நம் ஊரில் காற்றையும் மறக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவைப்பது. 150 கிலோ எடையும் ஆளுயரப் பரப்பும் உள்ள பை முள்ளில் தொங்கும்போது அந்தக் காற்றுக்கு ஊஞ்சலாடும். அந்த மாதங்களில் பையைத் தரைக்கு ஒட்டித்தான் நகர்த்த வேண்டும், உயர்த்திப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. காற்று பலமாக இருக்கும் வேளையில் கொட்டும் வேலையையே நிறுத்திவைப்பது நல்லது.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல வந்தது. எடையில்லாத, நார் கலந்த சரக்கு வழுவழுவென்று கொட்டாது. பையின் அடிவாயைத் திறந்ததும் கொஞ்சம் விழும், பிறகு நின்றுவிடும். உள்ளே வளைவாகக் கூரை கட்டிக்கொள்ளும். உயரம் கூடக்கூட மேலிருந்து அமுக்கும் எடையால் அந்தக் கூரை இறுகும். 35 சென்டிமீட்டர் வாய் வைத்த பையில் நார்ப்பித் அடைத்துக்கொள்வது அன்றாடக் காட்சி. அப்போது என்ன நடக்கிறது? ஒருவர் தொங்கும் பைக்கு அடியில் போய், கையையோ மூங்கிலையோ வாய்க்குள் விட்டுக் குத்துகிறார். தலைக்கு மேல் தொங்கும் சரக்கு 150 கிலோவோ, ஈரமானால் 600 கிலோவோ. கூரை உடைந்தால் மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கும். காது ஒன்று அறுந்தால் பையோடு இறங்கும். உலகத்தில் எந்தப் பை தயாரிப்பாளரைக் கேட்டாலும் முதல் எச்சரிக்கையாகச் சொல்வது இதைத்தான்: தொங்கும் பைக்குக் கீழே ஆள் போகக் கூடாது. நம் களங்களில் வேலை செய்வோர் பலர் வடமாநிலத்திலிருந்து வந்த இளைஞர்கள். எச்சரிக்கை தமிழில் எழுதியிருந்தால் அவர்களுக்குப் புரியாது. படமாகப் போட்டு வையுங்கள், வாயாலும் சொல்லுங்கள், அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்லுங்கள்.

ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சரக்கு அடைக்காத பையை வாங்குவது முதலாளியின் பொறுப்பு. நார் கலந்த பித்துக்குச் சின்ன அடிவாய் வேண்டாம். அடி முழுவதும் திறந்து மடல்போல் விரியும்படி தைக்கச் சொல்லுங்கள். தொட்டிக்கு அருகில் நின்றபடி, பக்கவாட்டிலிருந்து கயிற்றை இழுத்தே திறக்க முடியும்படி முடிச்சு இருக்க வேண்டும். அடைத்தால் குத்துவதற்குப் பதிலாக, பையை மெல்ல ஏற்றி இறக்கி ஆட்ட வேண்டும், அல்லது தரையில் இறக்கிவைத்துவிட்டு மேலிருந்து கிளற வேண்டும். தொட்டியிலேயே அதிர்வூட்டும் மோட்டார் பொருத்தினால் இன்னும் நல்லது.

நிரப்பும்போதும் ஒரு பழக்கம் இருக்கிறது. உயரமான பைக்குள் ஓர் ஆளை இறக்கி மிதிக்க வைத்து அமுக்குவது. பஞ்சுச் சிப்பம் கட்டியவர்களின் பழைய வழக்கம் பித்துக்கும் வந்துவிட்டது. தூசி மண்டிய, நெஞ்சுக்கு மேல் துணிச்சுவர் எழும்பிய இடத்தில் மேலிருந்து பித் கொட்டிக்கொண்டே இருக்க, ஒருவர் உள்ளே நிற்பது எப்படிப் பாதுகாப்பாகும்? பை சாய்ந்தால் அவரால் வெளியே வர முடியாது. இதை நிறுத்துங்கள். பையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி இரண்டு மூன்று முறை மெல்ல இறக்கினாலே பித் படிந்துவிடும். பாதி நிரப்பியதும் ஒருமுறை, முழுதும் நிரப்பியதும் ஒருமுறை செய்தால் போதும்.

துணியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஊதுகுழாய் வைத்து நிரப்புகிறவர்களுக்குப் பூச்சு இல்லாத துணிதான் பொருந்தும். பித்தோடு உள்ளே போகும் காற்று நெய்த துணி வழியாக வெளியேற வேண்டும். பூசிய துணியில் காற்று தங்கி, பை நிறைந்ததுபோலக் காட்டிவிட்டுப் பிறகு அமுங்கும். நுண்தூள் வெளியே சிந்துகிறது என்றால் முழுத் துணியையும் பூசாமல் தையலுக்குள் வைக்கும் தடிப்பு நூலைக் கேளுங்கள். தூள் பெரும்பாலும் தையல் ஓட்டை வழியாகத்தான் வரும். உள்ளே பாலித்தீன் உறை போடச் சிலர் கேட்கிறார்கள். நன்றாகக் காய்ந்து, உடனே போகும் சரக்குக்குப் போடலாம். ஈரம் மிச்சமிருந்தால் உறைக்குள் புழுங்கிச் சூடாகும், பூஞ்சை பிடிக்கும். மழைக்கு உறையை நம்பாமல் தார்ப்பாயை நம்புங்கள்.

பழைய பை வாங்குவது பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. உரம், ரசாயனம், தீவனம் வந்த பைகளை மலிவாக வாங்கிப் பித் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழுவி, உப்பைக் குறைத்து, மின்கடத்துதிறன் 0.5 mS/cm-க்குக் கீழே கொண்டுவரப் பாடுபட்ட பித்தை உரத்தூள் ஒட்டிய பையில் போட்டால் அத்தனை தண்ணீரும் கூலியும் வீண். பூச்சிமருந்து மிச்சம் இருந்தால் வாங்கியவர் செடிக்கே கேடு. அதைவிட, ஒரு முறைக்காகத் தைத்த பையின் வாழ்க்கை முதல் பயணத்தோடு முடிந்தது. 5:1 என்று சிட்டையில் எழுதியிருந்தால் அது ஒரே தடவைக்கானது. களத்துக்கும் மில்லுக்கும் மாறிமாறி ஓடப் போகும் பை வேண்டும் என்றால் புதிதாக 6:1 பையைக் கேளுங்கள். கொஞ்சம் விலை கூடும், பலமுறை ஓடும்.

பை எதுவாக இருந்தாலும் பக்கத்தில் தைத்த சிட்டை இருக்க வேண்டும். தாங்கும் எடை, பாதுகாப்பு மடங்கு, எந்தத் தரவிதிப்படி சோதித்தது, சோதனைச் சான்று எண், தயாரித்தவர், தயாரித்த தேதி எல்லாம் அதில் இருக்கும். சிட்டை இல்லாத பையைத் தூக்காதீர்கள், என்னுடையதாக இருந்தாலும் சரி. பைத் துணியான பாலிப்ரோப்பிலீன் வெயிலில் இறக்கும் பொருள். வெயில் தாங்கும் மருந்து கலந்து நெய்தாலும் காலம் தள்ளிப்போகுமே தவிர இறப்பது நிற்காது. களத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் கிடந்த பையின் காதை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெண்பொடி உதிர்ந்தாலோ, நூல் பொடிந்தாலோ அது குப்பை. குப்பைக்குப் போடும்போது நான்கு காதையும் வெட்டிவிட்டுப் போடுங்கள். வெட்டாத பை வேறொரு களத்தில், வேறொருவர் தலைக்கு மேல் மறுபடி தொங்கும்.

மின்னேற்றம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: காய்ந்த பித் பாலிப்ரோப்பிலீன் துணியில் உரசும்போது மின்னேற்றம் சேர்வது உண்மை, பித் தூசி எரியக்கூடியதும் உண்மை. திறந்த களத்தில் பீடியும் வெல்டிங் பொறியும்தான் முதல் எதிரி. மூடிய அறையில் தூசி மேகம்போல் எழும்பும்படி ஊதுகுழாய் வைத்து நிரப்புகிறீர்கள் என்றால் சாதாரண 'ஏ' வகைப் பையோடு நிறுத்தாமல், ஐ.இ.சி 61340-4-4 விதியில் சொல்லும் மற்ற வகைகளில் எது தேவை என்று தொழிற்சாலைப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கேளுங்கள். 'சி' வகை வாங்கினால் ஒவ்வொரு முறையும் பூமி இணைப்புக் கம்பியைக் கவ்வவைக்க வேண்டும். கவ்வாமல் விட்டால் சாதாரணப் பையை விட அது ஆபத்து.

ஏற்றுமதிக்கு உதிரிப் பித்தை உயரமான பையில் அனுப்பலாமா என்று சிலர் கேட்டார்கள். 40 அடி நீளமுள்ள, உயரம் கூடிய கன்டெய்னரின் கொள்ளளவு 76 கன மீட்டர். அத்தனையும் உதிரிப் பித்தால் நிறைந்தாலும் ஏழெட்டு டன்தான் போகும். கன்டெய்னரோ 26 டன் வரை ஏற்றக்கூடியது. கடல் கூலிக்கு அது கட்டாது. ஐந்து பங்கை ஒரு பங்காக அழுத்தும் பிளாக்குக்கு உயரமான பை மாற்றாகாது. உயரமான பையின் இடம் மில்லுக்கும் களத்துக்கும் பிளாக் கூடத்துக்கும் நடுவில்தான், உள்ளூர் நர்சரிகளுக்கு மட்டைத் துண்டு அனுப்பும் இடத்தில்தான்.

போர்க்லிப்டே இல்லாத களங்களுக்கு ஒன்று. ஆள் இழுத்து நகர்த்தப் போகிறார்கள் என்றால் ஜம்போ பையை எந்த உயரத்திலும் வாங்காதீர்கள். சாதாரணச் சாக்கே போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த ஆர்டர் போடும்போது என்னிடமானாலும் வேறு யாரிடமானாலும் இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: காய்ந்த பித்தின் வாளி எடை, ஈரப் பித்தின் வாளி எடை, தட்டியபின் எவ்வளவு இறங்கியது, லாரியின் உள் அகலமும் ஏற்றக்கூடிய உயரமும், போர்க்லிப்ட் முள்ளின் உச்ச உயரம், தொட்டியின் உயரம், பையை எத்தனை முறை ஓட்டப் போகிறீர்கள் என்பது. இவற்றைப் பார்க்காமல் உடனே விலை சொல்லும் வியாபாரியை நம்பாதீர்கள். பொள்ளாச்சியிலேயே கயிறு வாரியத்தின் மண்டல அலுவலகம் இருக்கிறது. நீங்கள் சங்கமாகச் சேர்ந்து போய்க் கேட்டால், தொங்கும் பைக்குக் கீழே போகாமல் வேலை செய்வது எப்படி என்று களத் தொழிலாளர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தித் தரச் சொல்லலாம். அப்படி ஒரு நாள் குறித்தால் எனக்கும் தகவல் சொல்லுங்கள். செய்துகாட்டத் தேவையான பைகளை என் செலவில் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்துப் பை தைப்பவன்